மகாமகத்துக்கு மகாமகம் புதுப்பித்த வீடு

2023 டிசம்பர் மழையில் அத்தை வீட்டுக் கூடத்து ஊஞ்சல் பலகையில் ஒரு செங்கல் விழுந்தது. மேலே, மெட்ராஸ் ஒட்டுத் தளத்திலிருந்து கழன்று வந்த கல். "அப்பத்தான் எழுந்து காபி போடப் போனேன்டா" என்று அத்தை போனில் சொன்னார். குரலில் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது. ஊஞ்சல் பலகையில் வடு விழுந்துவிட்டதாம்.

வீடு கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. 1930களில் கட்டியது. முகப்பு 22 அடி, கொல்லைப்புறக் கிணறு வரை நீளம் 90 அடி. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், இரண்டு பக்கமும் கூடம், அப்புறம் சமையலறை, கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். சுவர் செங்கல், சுண்ணாம்புக் காரை. கூடத்தின் மேல்தளம் தேக்குக் கட்டைகள் மேல் நிற்கும் மெட்ராஸ் ஒட்டு.

நான் கட்டடப் பொறியாளன். இருபது வருடமாகத் திருச்சியில் அடுக்குமாடி வேலைதான். இந்த வீட்டைச் சீர்செய்த பத்து மாதக் கதையை எழுத ஒரு காரணம் உண்டு. வேலை தொடங்கும்போது, தொண்ணூறு வயது வீட்டில் எது காலாவதியானது என்று பட்டியல் போட்டோம். சுண்ணாம்புச் சுவர், மரக்கட்டைத் தளம், திறந்த முற்றம் என்று அது நீண்டது. வேலை முடியும்போது அந்தப் பட்டியல் தலைகீழாகப் புரண்டிருந்தது. கெட்டுப்போயிருந்ததில் பெரும்பகுதி பிற்பாடு வீட்டை 'புதுப்பித்தபோது' சேர்த்தவை. அதில் ஒரு பகுதி என் கைவரிசை.

கும்பகோணத்துக்காரர்கள் வீட்டை எப்போது சரிசெய்வார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும், கூடவே சொந்தக்காரர்கள் வருவார்கள். 1992 மகாமகத்துக்கு, வருகிறவர்கள் கொல்லைக்கு நடக்கக் கூடாதென்று கூடத்து மூலையிலேயே ஒரு குளியலறையும் கழிப்பறையும் கட்டினார்கள். 2004-க்கு, பொரிந்திருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார்கள். மொட்டை மாடியில் சிமெண்ட் கலவை போட்டு அதன் மேல் வெள்ளை ஓடு பதித்தார்கள். 2016-க்கு, செம்மண் நிறத்தில் பளபளத்த ரெட் ஆக்சைடு தரையின் மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் வந்தது, முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினார்கள், ஏசி வந்தது.

2004-இல் சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். அப்போது கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சுண்ணாம்பெல்லாம் பழைய காலம் மாமா, ஒண்ணுக்கு நாலு சிமெண்ட் போடுங்க, ஆயுசுக்கும் கவலையில்லை" என்று மாமாவிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மாமா போய்விட்டார். பூச்சு அப்படியேதான் இருந்தது. அதன் பின்னால் சுவர்தான் கரைந்துகொண்டிருந்தது.

சுவர்

கூடத்துச் சுவரில் நாலரை அடி உயரம் வரை உப்புப் பூத்திருந்தது. பெயிண்ட் கொப்புளமாக எழும்பி, தொட்டால் மாவாக உதிரும். அத்தை அதை மறைக்க பீரோவை அங்கே நகர்த்தியிருந்தார். பீரோவின் முதுகும் துருப்பிடித்துவிட்டது.

அந்தக் காலத்துச் சுவரில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தை நிறுத்தும் தடுப்பு எதுவும் கிடையாது. காவிரிக்கரை மண், மழைக்காலத்தில் கிணற்று நீர் எட்டிப் பார்த்தால் தெரியும் அளவுக்கு ஏறிவிடும். மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும், அதைத் தடுக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை ஏறிய ஈரம் ஒன்றரை இரண்டு அடிக்குள் பூச்சு வழியாகவே காற்றில் கலந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் வருடாவருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். அடியில் கொஞ்சம் உதிரும், அதன்மேல் அடித்துவிடுவார்கள். சிமெண்ட் பூசியதும் ஈரம் வெளியேறும் வாசல் அடைந்துபோகிறது. வழி கிடைக்கும் உயரம் வரை அது ஏறிக்கொண்டே போகும். போகிற இடமெல்லாம் உப்பையும் கொண்டுபோகும். பூச்சுக்குப் பின்னால் அந்த உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். 2016-இல் தரையிலும் டைல்ஸ் போட்டு மூடியதும் தரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரமும் சேர்ந்து சுவருக்கே திரும்பியது.

சந்தேகத்துக்கு ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரவு முழுக்க விட்டோம். காலையில் தாளின் உட்பக்கத்தில், சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில், முத்து முத்தாக நீர் நின்றது. ஈரம் அறைக் காற்றிலிருந்து வரவில்லை, சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

தை பிறந்ததும் ஐந்தடி உயரம் வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தினோம். இதுதான் வேலையிலேயே நோகடித்த கட்டம். சிமெண்ட் பட்டையாகப் பெயரும்போது செங்கல்லின் மேல் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியும் போதும் என்று மேஸ்திரி ஒற்றைக்காலில் நின்றார். வலங்கைமான் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடி அவரைப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. அவர் முதல் நாள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுக்கு மேல யாரு சிமெண்டைப் பூசினது?" நான் பதில் சொல்லவில்லை. அத்தை சொல்லிவிட்டார்.

கொத்திய சுவரைச் சித்திரை, வைகாசி வெயில் முழுக்க அப்படியே விட்டோம். மேலே படிந்த உப்பைத் தூரிகையால் வாரத்துக்கு ஒருமுறை துடைத்து எடுத்தோம், தண்ணீர் விடவில்லை. தண்ணீர் விட்டால் உப்பு மறுபடியும் உள்ளே போய்விடும். சுண்ணாம்பைத் தொட்டியில் ஒரு மாதம் ஊறவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து, இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். அந்தத் தண்ணீர் புளித்த வாசனைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு முறை விசாரிக்க வந்தார்கள். மேலே டிஸ்டெம்பர், எமல்ஷன் எதுவும் கிடையாது, வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான். கையில் ஒட்டும் என்று அத்தை மகளுக்கு வருத்தம்.

தளம்

செங்கல் விழுந்த இடத்துக்கு மேலே ஏறிப் பார்த்தோம். மெட்ராஸ் ஒட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, அதன்மேல் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டியது, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கியது, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருடம் தாங்கும்.

தண்ணீர் தேங்கியது. 2004-இல் வெள்ளை ஓடு பதித்தவர்கள் பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேலேயே இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டிருந்தார்கள். தண்ணீர் வடியும் வாட்டம் (சரிவு) மாறிப்போய், மேற்குப் பக்கத்து மழைத்தாரை பாதி புதைந்துவிட்டது. கணக்குப் போட்டால் கலவையும் ஓடுமாகச் சதுர அடிக்கு ஏறக்குறைய 10 கிலோ கூடியிருக்கிறது. 400 சதுர அடிக்கு 4 டன். ஒரு பெரிய கொம்பன் யானையை இருபது வருடம் மொட்டை மாடியில் கட்டிப்போட்டு வைத்தது மாதிரி. அந்தக் கட்டைகள் அதையும் தாங்கி நின்றன என்பதுதான் ஆச்சரியம்.

கூடத்தில் மொத்தம் 26 கட்டைகள். ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டி, முனையில் திருப்புளியால் குத்திப் பார்த்தோம். நல்ல தேக்கு 'டண்' என்று ஒலிக்கும், திருப்புளி நுனிகூட இறங்காது. மேற்குச் சுவருக்குள் நுழையும் ஏழு கட்டைகளில் திருப்புளி இரண்டு அங்குலம், ஈரக் கேக்கில் இறங்குவது போல இறங்கியது. ஏழும் அந்தப் புதைந்த தாரைக்கு நேர் கீழே இருந்தவை. சுவருக்கு வெளியே ஓரடி தள்ளி அதே கட்டை இரும்பாக இருந்தது.

மூன்று பேரிடம் யோசனை கேட்டேன். இரண்டு பேர் தளத்தையே இடித்துவிட்டு ஆர்.சி.சி. போடச் சொன்னார்கள். ஒருகாலத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின் எடையை, அடிப்பகுதி நொய்ந்துபோன இந்தச் சுண்ணாம்புச் சுவர்மேல், அதுவும் பாதிச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தமாக இருக்கும்போது ஏற்றுவதற்கு மனம் ஒப்பவில்லை. 26-இல் 19 கட்டை நன்றாக இருக்கும்போது எதற்கு?

கீழே ஜாக்கி முட்டுக்கொடுத்து, முதலில் மேலிருந்த யானையை இறக்கினோம். வெள்ளை ஓடும் சிமெண்டும் உடைத்து இறக்கவே ஒன்பது நாள். பிறகு ஏழு கட்டைகளின் அழுகிய முனையை வெட்டிவிட்டு, நல்ல பகுதியின் இரு பக்கமும் இரும்பு சி-சேனல் வைத்து போல்ட் போட்டு, சேனலின் முனையைச் சுவரில் கற்பலகை மேல் உட்கார வைத்தோம். மற்றக் கட்டைகளின் முனையைச் சுற்றிச் சுவரில் விரல்கனம் இடைவெளி விட்டோம், காற்று போக. பழைய ஜல்லித் தளத்தில் 120 சதுர அடி மட்டும்தான் நொய்ந்திருந்தது. அதை மட்டும் புதிதாகப் போட்டோம். அடிக்கிற கட்டை தளத்தில் பட்டுத் துள்ள வேண்டும், அதுவரை அடிக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கணக்கு. ஐந்தாம் நாள் மாலை துள்ளியது. நானும் அடித்துப் பார்த்தேன். மணிக்கட்டில் தெரிகிறது அந்த வித்தியாசம்.

கரண்ட்

வேலை தொடங்கிய வாரமே அத்தை ஒன்று சொல்லியிருந்தார்: "மோட்டார் ஓடுறப்ப குழாயைத் தொட்டா சுருக்குங்குது." எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது ஒரு அஞ்சாறு வருஷமா. அதான் ரப்பர் செருப்பு போட்டுக்கிறேனே."

கூடத்து உத்திரத்தின் ஓரமாக மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங் அப்படியே இருந்தது. அதன் மூடியைக் கழற்றினோம். உள்ளே ரப்பர் உறை போட்ட வயர், வளைத்தால் உறை முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. சமையலறைத் திருப்பத்தில் அந்த வயரோடு 2016-இல் போட்ட புது பிவிசி வயரை முறுக்கி, துணி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கருகி, மரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கரி பிடித்திருந்தது. அந்த ஒற்றை முடிச்சு வழியாகத்தான் ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடின. இரண்டும் ஒன்றாக ஓடினால் 16, 17 ஆம்பியர். மோட்டாரும் சேர்ந்தால் இருபதைத் தாண்டும். பீங்கான் ஃப்யூஸ் கேரியரில் ஃப்யூஸ் வயருக்குப் பதில் நாலு இழைச் செம்புக் கம்பி. அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று யாரோ 'சரி' செய்திருக்கிறார்கள். வீட்டில் எர்த் என்பதே இல்லை.

இங்கே பழமைக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தோம். மும்முனை இணைப்பு, இரண்டு எர்த் குழி, விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், ஒவ்வொன்றுக்கும் தனி எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), எல்லாவற்றுக்கும் மேல் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி. சுவரில் காடி வெட்டி வயரைப் புதைக்க மட்டும் விடவில்லை. ஏற்கெனவே புண்ணான சுவரில் மெஷின் போட்டு மேலும் அறுப்பானேன்? பைப் வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் முகம் சுளித்தார். உத்திரத்தின் நிழலில், பழைய மரப்பட்டை ஓடிய அதே வழியில் ஓட்டச் சொன்னேன். இப்போது தேடினால்தான் தெரியும்.

கரண்ட் கொடுத்த முதல் நாள் மோட்டாரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. "மோட்டாரை மட்டும் இதுலேர்ந்து தனியா எடுத்துக் கொடுத்துடுறேன் சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். அத்தையின் ரப்பர் செருப்பு கண்முன் வந்து நின்றது. மோட்டாரைக் கழற்றிக் கடைக்கு அனுப்பினோம். உள்ளிருக்கும் கம்பிச் சுருளில் ஈரம் இறங்கி, மோட்டாரின் உடம்புக்குக் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது.

தண்ணீர், முற்றம், வாசல்

1992 குளியலறையை இடித்தோம். பொதுச் சுவர் ஓரமாகக் கட்டி, அதன் கழிவுக் குழாயைத் தரைக்கடியில் கூடத்தின் குறுக்கே கொல்லைக்கு ஓட்டியிருந்தார்கள். ஓர் இணைப்பு விட்டுப்போய் எத்தனை வருடமாகவோ கூடத்து அடிமண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வரும் ஜி.ஐ. குழாயை அறுத்தபோது அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முக்கால் அங்குலக் குழாயில் துரு படிந்து மிஞ்சிய துளையில் பென்சில் நுழையவில்லை. மேல்தொட்டியைப் பெரிதாக்கியும் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று மூன்று பிளம்பர்களைத் திட்டியிருக்கிறார்கள்.

புதுக் குளியலறை கொல்லைத் தாழ்வாரத்தை ஒட்டி, சமையலறையிலிருந்து எட்டடித் தூரத்தில். அத்தைக்கு 71 வயது, முழங்கால் வலி. கதவு மூன்றடி அகலம், வாசற்படி இல்லை, வழுக்காத டைல்ஸ், உட்காரும் இடத்தில் சுவரோடு கைப்பிடி. கைப்பிடியைப் பார்த்து "எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்றார். இப்போது துண்டு போட மட்டும்தான் பயன்படுத்துவதாகச் சொல்கிறார். துண்டு தனிக் கொடியில்தான் கிடக்கிறது.

சமையலறையில் ஒரே விஷயம் சொல்லத் தக்கது. கடையில் விற்கும் அளவுக்கு மேடை போட்டால் 34 அங்குலம் வரும். அத்தை உயரம் நாலடி பத்து. சப்பாத்திப் பலகையை வைத்து உருட்டச் சொல்லி, கீழே செங்கல்லை ஏற்றி இறக்கி, 31 அங்குலத்தில் கடப்பாக் கல் போட்டோம்.

முற்றத்து ஷீட்டை எடுத்த அன்று மதியமே கூடத்தில் வெக்கை குறைந்தது. இருபக்கமும் பொதுச் சுவர் உள்ள வீட்டுக்கு ஜன்னல் வைக்க வாசலும் கொல்லையும்தான். நடுவில் சூடேறும் காற்று மேலே போக அந்த முற்றம் ஒன்றுதான் வழி. அதை மூடிவிட்டு ஏசி வாங்கியிருந்தோம். கம்பி கிரில்லும் கொசுவலையும் மட்டும் போட்டோம். மழை உள்ளே விழுமே என்று கேட்டால், விழத்தான் கட்டியிருக்கிறார்கள். முற்றத்து டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் பழைய கருங்கல் தளமும், மூலையில் சிமெண்ட் வைத்து அடைத்த ஜலதாரையும் கிடைத்தன. அடைப்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் சுவரடி வாய்க்கால் வழியாகக் கொல்லைக்கு அழகாக ஓடியது. அதை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றில் விட்டோம். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்த வீட்டில் வாசலில் ஒரு குழி தோண்டி, போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு, மறு வருடமே மண் தள்ளி மூடிவிட்டார்கள்.

வாசல்தான் எங்கள் கைக்கு மீறியது. சின்ன வயதில் திண்ணைக்கு மூன்று படி ஏறுவோம். இப்போது அரைப்படி. தார் மேல் தார் போட்டு ரோடு ஏற, வீடு இறங்கிவிட்டது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது நல்ல காரியம், ஆனால் இரண்டரைப் படி ஏற்கெனவே போய்விட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாமே என்று உறவினர்கள் வீடியோ அனுப்பினார்கள். தனி வீடாக இருந்தால் யோசிக்கலாம். இரு பக்கமும் பொதுச் சுவர் வைத்துக்கொண்டு எதைத் தூக்குவது? உள்தரையை உயர்த்தலாம் என்றால் நிலை வாசலின் உயரமே ஐந்தே முக்கால் அடி. கடைசியில் ரேழி வாசலில் ஆறு அங்குலக் கருங்கல் தடுப்பும், திண்ணையோரம் மூடி போட்ட வாய்க்காலும்தான்.

ரெட் ஆக்சைடு தரையை மீட்க முடியவில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்காக 2016-இல் தரை முழுக்கக் கொத்திப் புள்ளி போட்டிருந்தார்கள், அம்மை வடு மாதிரி. கூடத்தில் மட்டும் புதிதாக ரெட் ஆக்சைடு போட்டோம். பழையதன் ஆழம் வரவில்லை. அறைகளில் டைல்ஸ் அப்படியே இருக்கிறது, கையிருப்புப் பணம் தீர்ந்துவிட்டது.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 15 லட்சத்தில் திட்டமிட்டோம், 19.4 லட்சம் ஆனது. தளத்துக்கு 5.2, சுவருக்கு 3.6, குழாயும் குளியலறையும் வாய்க்காலும் 4.3, கரண்டுக்கு 2.4, சமையலறை 1.7, தரை, பெயிண்ட், மற்றவை 2.2 லட்சம். முன்பு போட்டதை உடைத்து, அள்ளி, லாரியில் ஏற்றிய செலவு மட்டும் இதற்குள் 1.9 லட்சம் இருக்கும்.

2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் டெல்டாவில் கொட்டித் தீர்த்த மழையில் மூன்று நாள் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். தளம் ஒழுகவில்லை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று அரைமணியில் வடிந்தது. சுவரில் ஒன்றரை அடிக்குள் லேசான ஈர நிழல் தெரிந்தது, மாசிக்குள் மறைந்தது. ஆனால் கிழக்குப் பொதுச் சுவரில் மூன்றடியில் மறுபடி உப்புப் பூக்கிறது. அந்தப் பக்கம் அவர்கள் பாத்திரம் கழுவுகிற இடம், சுவர் முழுக்க சிமெண்ட். அவர்கள் பூச்சைக் கொத்தச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, முகமும் இல்லை. வருடம் ஒருமுறை சுரண்டிவிட்டு வெள்ளையடிக்க வேண்டியதுதான்.

போன வாரம் அத்தை மகள் போன் செய்தாள். 2028-இல் மகாமகம் வருகிறதே, கூடத்து மூலையில் இன்னொரு பாத்ரூம் போட்டுவிடலாமா என்று கேட்டாள். பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "வர்றவங்க எல்லாம் லாட்ஜ்ல தங்கட்டும்னு சொல்லுடி."